ஆரஞ்சு நாடாவும் வியேனோவின் சாவும்

உங்கள் ஸ்டேஷன் காபி பரவாயில்லை. கூடவே ஓர் ஏலக்காய் பன் வைத்திருந்தால் குறையே சொல்லியிருக்க மாட்டேன். உட்காருங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா, நிதானமாகவே பேசலாம். என்னிடம் மறைக்க ஒன்றுமில்லை, ஒரே ஓர் இடத்தைத் தவிர.

முதலில் வியேனோவைப் பற்றிக் கேட்டீர்கள். அவளைச் சாகடித்தது நான்தான். எனக்கு வேறு வழியில்லாமல் போய்விட்டது. நல்லவள், யாரையும் தொந்தரவு செய்யாதவள். பிறக்கும்போதே முழங்கால் வலியோடு பிறந்தவள், ஏனென்றால் அப்படித்தான் அவளை நான் உண்டாக்கினேன். சதுப்பில் செடிக்கு ஒரே ஒரு மஞ்சள் பழமாக ஹில்லா பழுக்கும் அந்த வாரத்தில், ஒவ்வொரு கோடையிலும் நான் தனியாக வடக்கே போக ஒரு சாக்கு வேண்டியிருந்தது. 'லாப்லாந்தில் ஒரு சிநேகிதி, பாவம், நடக்க முடியாதவள்' என்று தங்கையிடம் சொல்லிவிட்டுக் கிளம்புவேன். என் தங்கை லெம்பிக்கு இளகிய மனசு. கிறிஸ்துமஸ்தோறும் வியேனோவுக்குக் கம்பளிக் காலுறை பின்னிக் கொடுப்பாள். என் அலமாரியில் ஓர் இழுப்பறை நிறைய இருக்கிறது, குளிருக்கு நல்ல கதகதப்பு.

அந்தப் பெயரில் ஒருத்தி எந்த ஊர்ப் பதிவிலும் இல்லை என்று நீங்கள் கண்டுபிடித்தது சரிதான். லெம்பியிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். பின்னுவது அவளுக்கு நல்ல பொழுதுபோக்கு.

இந்த வருடம் லெம்பி ஒரு யோசனையோடு வந்தாள். பக்கத்து வீட்டுத் தைஸ்தோ, அவருடைய படுக்கை வைத்த வேன், அவள், அவள் கணவர் உர்போ, நான். நான்கு பேருமாக வடதுருவக் கடல்வரை ஒரு பயணம். கிளம்பும் நாளைக் கேட்டேன். அதே ஹில்லா வாரம்.

“போற வழியில உன் சிநேகிதியையும் பாத்துட்டுப் போலாங்க்கா. நான் பின்னின காலுறை அவ கால்ல சேருதான்னு என் கண்ணால பாக்கணும்.”

“அவ போன வாரந்தான் போய்ச் சேந்தா,” என்றேன்.

லெம்பி தேம்பித் தேம்பி அழுதாள். வேன் கிளம்புமுன் வியேனோவுக்காக எல்லோரும் ஒரு நிமிடம் மௌனமாக இருந்தோம். உர்போகூட வாயை மூடிக்கொண்டிருந்தார். பயணத்தின் முதல் பாதியில் எனக்குப் பிடித்தது அந்த ஒரு நிமிடம்தான்.

உர்போ கெட்டவர் இல்லை. சாவோ மாகாணத்துக்காரர், அவ்வளவுதான். அந்த ஊர்க்காரர்களின் வாயை நீங்கள் அறிவீர்கள். நடுரோட்டில் நின்ற ரெயின்டீர் மான்களை விரட்டிவிட்டு வரச் சொன்னால், அவற்றுக்கு நடுவில் நின்று தன் ஓய்வூதியத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். மான்களே சலித்துப்போய் நகர்ந்தன. லெம்பிக்குப் பித்தப்பையை எடுத்த செய்தி, அவளுக்கு மயக்கம் தெளிவதற்குள் மளிகைக் கடைவரை போய்விட்டது. அதனால்தான் அம்மா தன் ஹில்லா இடத்தை என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். லெம்பிக்குத் தெரிந்தால் உர்போவுக்குத் தெரியும். உர்போவுக்குத் தெரிந்தால் ஹெல்சிங்கியிலிருந்து பேருந்து பிடித்து வருவார்கள், வாளியோடு.

நீங்களும் இந்தப் பக்கத்துக்காரர்தான். உங்கள் ஹில்லா இடத்தை உங்கள் மனைவியிடம் சொல்லியிருக்கிறீர்களா? பாருங்கள், எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள்.

அவ்வளவு நீளமான சாலை. இரண்டு பக்கமும் காடு, சதுப்பு, மறுபடியும் காடு. ஒரு மனிதன் எங்கே வேண்டுமானாலும் ஒதுங்கலாம். அம்மாவின் இடத்துக்குத் திரும்பும் மேட்டை வேன் கடந்துவிட்டால் போதும் என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன். சரியாக அந்த மேட்டடியிலேயே உர்போ நெளிந்தார்.

“தைஸ்தோ, நிறுத்துப்பா. இதுக்கு மேல தாங்காது.”

“இன்னுங் கொஞ்சம் போனா நல்ல கழிவறையே இருக்கு, உர்போ,” என்றேன்.

“நான் என்ன கல்யாணத்துக்கா போறேன், தெல்லெர்வோ? மரம் போதும் எனக்கு.”

உர்போ கடைத்தெருவிலேயே வழி தவறுகிறவர். லெம்பி அவர் கையில் ஓர் ஆரஞ்சு நாடாச் சுருளைக் கொடுத்து, போகிற வழியெல்லாம் கட்டிக்கொண்டே போகச் சொன்னாள். அவர் கைபேசி வேனிலேயே சார்ஜில் கிடந்தது. அவர் போனார். ஒதுங்கப் போனவர் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகுமோ, அதற்கு மேல் ஆனது. லெம்பி முன்சீட்டில் குறட்டை விட்டாள். தைஸ்தோ கண்ணாடியில் ஒட்டிய கொசுக்களைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நான் நாடாக்களைப் பின்தொடர்ந்து உள்ளே நடந்தேன்.

அம்மாவின் சதுப்பு முழுக்கப் பொன்னாகக் கிடந்தது. அதன் நடுவில் உர்போ மண்டியிட்டு இரண்டு கையாலும் தின்றுகொண்டிருந்தார். தாடியெல்லாம் மஞ்சள். என்னை அவர் பார்க்கவில்லை. வாயில் பழம் இருந்ததால் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு விழுங்கிவிட்டுத் தனக்குத்தானே சொன்னார்:

“அடேயப்பா! இதை வாட்ஸப் குழுவுல போட்டே ஆகணும். படத்தோட.”

எனக்கு அழுகை வந்தது. உண்மையாகவே வந்தது. அம்மா அந்தச் சதுப்புக்கு வரும்போது எங்கள் நாயைக்கூட வீட்டில் கட்டிவிட்டு வருவாள்.

நான் அவரை ஒன்றும் செய்யவில்லை. விரல்கூடப் படவில்லை, எழுதிக்கொள்ளுங்கள். பேசாமல் திரும்பினேன். வருகிற வழியில் அந்த நாடாக்களை ஒவ்வொன்றாக அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டேன். காட்டில் இப்படிக் கண்டதையும் கட்டிவிட்டுப் போவது தப்பு. குப்பை போடக் கூடாது என்று உங்கள் இலாகாவே பலகை வைத்திருக்கிறது. முடிச்சுகளும் அசிங்கமாக இருந்தன.

வேனுக்கு வந்து, “உர்போவுக்கு வயிறு சரியில்லையாம். பின்பக்கமா ஏறிப் படுத்துட்டார். எழுப்பாதீங்கன்னார்,” என்று சொல்லித் திரையை இழுத்துவிட்டேன். தைஸ்தோ வண்டியைக் கிளப்பினார்.

அந்தப் பயணத்தைப் போல ஒன்றை நான் அனுபவித்ததில்லை. மலை வந்தது, ஏரி வந்தது, யாரும் அவற்றை விளக்கவில்லை. வருஷத்துக்குப் பத்து வார்த்தைகூடப் பேசாத தைஸ்தோ மெதுவாகப் பாட ஆரம்பித்தார்.

“என்னக்கா, ஊரே அமைதியா இருக்கு,” என்றாள் லெம்பி. “தூங்கட்டும், பாவம்.”

“வண்டிகூட இன்னிக்கு லேசா ஓடுது,” என்றார் தைஸ்தோ.

மதியம் வழியில் ஒரு கொட்டகையில் நெருப்பு மூட்டித் தொத்திறைச்சி சுட்டோம். உர்போவின் பங்கை நானே திரைக்குப் பின்னால் எடுத்துக்கொண்டு போனேன். வீணாக்க மனம் வரவில்லை, தின்றுவிட்டேன்.

கடல் தெரிந்ததும் லெம்பி, “எழுந்திரிங்க, கடல் வந்திருச்சு!” என்று திரையை விலக்கினாள். தலையணை இருந்தது. அவள் போட்ட சத்தத்தில் கரையிலிருந்த பறவைகள் எல்லாம் எழும்பின. தங்கை அழுவது எனக்குத் தாங்காது. நானும் கூட அழுதேன், தோளைப் பிடித்து ஆறுதல் சொன்னேன்.

இப்போது நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். உங்கள் ஆட்கள் வரைபடத்தை விரித்து, வேன் எங்கே நின்றது என்று கேட்டார்கள். வழியெல்லாம் தூங்கித் தூங்கி விழுந்த லெம்பிக்குத் தெரியவில்லை. தைஸ்தோவுக்கு எல்லா மரமும் ஒன்றுதான். என்னைப் பார்த்தார்கள். நான் பெரிய ஏரிக்கு அந்தப் பக்கம், வியேனோ வாழ்ந்ததாக நான் எப்போதும் சொல்லிவந்த ஊருக்குப் பக்கத்தில் விரலை வைத்தேன். விரல் தானாகவே அங்கே போனது. ஹெலிகாப்டரும் அங்கேதான் போனது. நாய்கள் போயின, ஊர் திரண்டு போனது. ஆளுக்கொரு வாளியும் எடுத்துக்கொண்டு போனார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அவர்களை அம்மாவின் சதுப்புக்கு அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும், நீங்களே சொல்லுங்கள். தேடுதலும் வீண்போகவில்லை. தான் தொலைந்துபோனதே தெரியாத ஒரு ஜெர்மன்காரர் கிடைத்தார்.

உர்போ பட்டினி கிடப்பார் என்று நான் ஒரு கணமும் பயப்படவில்லை. லாப்லாந்திலேயே சிறந்த சதுப்பு அது. என் கவலையே அதுதான். ஓட்டல் அறையில் லெம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, அந்த மனிதர் ஒரு வேளைக்கு எவ்வளவு தின்பார் என்று நினைத்து நினைத்து எனக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. லெம்பி என்னைப் பார்த்து, “எங்க மேல உனக்கு இவ்வளவு பாசமாக்கா!” என்றாள்.

அவர் தானாகவே நடந்து சாலைக்கு வந்து, தபால் வண்டியில் ஏறி வந்து சேர்ந்தார். கொசு கடித்து முகம் அடுப்பிலிருந்து எடுத்த பன்னைப் போல உப்பியிருந்தது. எங்கே இருந்தீர்கள் என்று நீங்கள் கேட்டீர்கள். வாழ்க்கையில் முதல்முறையாக உர்போ ஒரு கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் சொன்னார்: “நெனப்பில்ல.” நான் அப்போதே புரிந்துகொண்டேன்.

லெம்பி மருந்து வாங்கப் போனதும் கட்டிலிலிருந்து என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

“உன் பையிலருந்து ஆரஞ்சு நாடா எட்டிப் பாக்குது, தெல்லெர்வோ.”

நான் பையை மூடினேன்.

“ரெண்டு நாள் யோசிச்சேன். பேச ஆளில்லைன்னா நான்கூட யோசிக்கிறேன், பாத்துக்க. குழுவுல போட மாட்டேன். ஒரு பயலுக்கும் சொல்ல மாட்டேன். பாதி உனக்கு, பாதி எனக்கு.”

“லெம்பிகிட்ட?”

“அவகிட்ட எதுக்கு? வியேனோ கல்லறைக்குப் பூ வைக்கப் போறோம்னு சொல்லிக்கலாம்.”

இப்படி ஓர் அறிவு அந்த மனிதருக்குள் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. கையைக் குலுக்கிக்கொண்டோம். இத்தனை வருடத்தில் முதல்முறையாக அவர்மேல் எனக்கு ஒரு பிரியம் வந்தது. ஆனால் லெம்பி நம்மைப் போலவா? அந்தக் கல்லறையைத் தானே தேடிப்பிடிக்கலாம் என்று உங்களிடம் வந்து விசாரித்திருக்கிறாள்.

ஆக, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வியேனோவைக் கொன்றேன், நாடாவை அவிழ்த்தேன், ஹெலிகாப்டரைத் திருப்பிவிட்டேன். தண்டனை எதுவானாலும் சரி, அடுத்த ஜூலை கடைசிக்குள், ஹில்லா பழுக்குமுன் முடிகிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள். இடத்தின் பெயருக்கு நேரே 'ஒரு சதுப்பு' என்று போட்டால் போதும். அந்த வரைபடத்தையும் மடித்து வைத்துவிடுங்கள்.

உர்போவுக்கும் எனக்கும் இடையில் மனஸ்தாபம் எதுவும் இல்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த கோடையில் நாங்கள் இருவர் மட்டும் போகிறோம். வழி தவறாமலிருக்க, இந்த முறையும் நாடா கட்டிக்கொண்டே முன்னால் நடப்பதாக அவர் சொல்லியிருக்கிறார். பின்னால் வருவதாக நான் சொல்லியிருக்கிறேன்.