இடப்பக்கத் தட்டு

இந்த மெத்தை நாற்காலி வேண்டாம், சார். மூலையில் ஒரு மர ஸ்டூல் கிடக்கிறதே, அது போதும். மெத்தை உட்காரும்போது இதமாகத்தான் இருக்கும், எழுந்திருக்கும்போதுதான் அதன் குணம் தெரியும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நான் எழுந்து நின்றால் தப்பாக நினைக்காதீர்கள். ஓடிப்போகிற உடம்பு இல்லை இது.

நான் எடை அளவு ஆய்வாளர். கடை கடையாகப் போய் தராசையும் எடைக்கற்களையும் சோதித்து முத்திரை குத்துவது என் வேலை. பதினெட்டு வருட சர்வீஸில் ஒரு கடைக்காரர் வாங்கிக் கொடுத்த டீயைக்கூடக் குடித்தவனில்லை. வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை உண்டு. அதில் எடை தூக்குகிற ஒரு இரும்பு பார், அதன் இரு முனையிலும் மாட்டும் தட்டுகள், ஒரு பெஞ்ச். பன்னிரண்டு வருடமாகக் காலையில் ஒரு மணி நேரம் அங்கேதான். தரையில் கிடக்கும் நூற்று நாற்பது கிலோவைத் தூக்கி நிமிர்ந்து நிற்பேன். சிலருக்குச் சீட்டாட்டம், சிலருக்குத் தோட்டம், எனக்கு அது.

முதுகு போனது அந்தக் கொட்டகையில் இல்லை என்பதுதான் வேடிக்கை. ஒரு மளிகைக் கடையில் சோதனை செய்துகொண்டிருந்தபோது இருநூறு கிராம் எடைக்கல் ஒன்று கைதவறி மேசைக்கடியில் உருண்டது. குனிந்து எடுத்தேன். ஈரத்துணியைக் கிழித்த மாதிரி இடுப்பில் ஒரு சத்தம். எனக்கு மட்டும்தான் கேட்டது. கடைக்காரர் ஓர் அட்டைப் பெட்டியைப் பிரித்துப் போட்டு என்னைப் படுக்க வைத்தார். கீழ்முதுகில் ஒரு டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்று ஸ்கேனில் வந்தது. அன்று முதல் அலுவலகத்தில் என் பெயர் 'இருநூறு கிராம்'. விடுப்பு முடிந்து போன முதல் நாளே டைப்பிஸ்ட் அம்மா அப்படித்தான் வரவேற்றார். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்த நாட்களில் சிரித்தால் வலது கால் கட்டைவிரல் வரை சுண்டி இழுக்கும்.

நான் படுக்கையில் விழுந்ததும் மச்சினன் வந்து சேர்ந்தான். என் மனைவியின் தம்பி. லிஃப்ட் மெக்கானிக். அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் நின்றுபோனால் குழிக்குள் இறங்கிச் சரிசெய்கிறவன். "ஊரையே தூக்கி விடுறவன் அத்தான் நான். உங்களைத் தூக்க மாட்டேனா?" என்று சொல்லிக்கொண்டே ஒரு பையோடு வந்து நின்றான். கல்யாணம் ஆகாதவன். அக்கா நூலக வேலைக்குப் போகும் நேரத்தில் என்னைப் பார்த்துக்கொள்வதற்காக ஷிஃப்டை மாற்றிக்கொண்டான். ஆறு வாரம் என்னைக் கழிவறைக்குத் தாங்கிக் கூட்டிப்போனான். வாசலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்று ஏதாவது பாட்டை முணுமுணுப்பான். எனக்குக் கூச்சமாக இருக்கக் கூடாதாம். கால் நகம் வெட்டிவிட்டான். ஷூ லேஸ் கட்டிவிட்டான். அவனைப் பற்றி ஒரு குறை சொல்வதற்கில்லை. இதை நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ளலாம்.

நான்காம் மாதம், கொட்டகைக்குள் போகலாம் என்று பிசியோதெரபிஸ்ட் அனுமதி கொடுத்தார். சின்ன வயதுப் பெண், பொறுமைசாலி. ஆனால் பார் கூடாது, துடைப்பக் கட்டைதான் என்றார். அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இடுப்பிலிருந்து குனிந்து நிமிர வேண்டும். பத்து தடவை. பிறகு இரண்டு கிலோ, பிறகு ஐந்து. ஐந்து வந்ததும் முதுகு பிடித்துக்கொள்ளும். நான்கு நாள் படுக்கை. மறுபடியும் துடைப்பக் கட்டை. பரமபத விளையாட்டில் பெரிய பாம்பு கடைசி வரிசையில்தான் இருக்கும், எனக்கு ஐந்தாம் கட்டத்திலேயே வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தது. மூன்று முறை ஏறினேன், மூன்று முறையும் கொத்தியது. "இன்னும் ரெண்டு வாரம் பொறுங்க சார்" என்பார் அந்தப் பெண். ஒவ்வொரு முறையும் அதே இரண்டு வாரம்.

வலியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கை உடைந்தவனுக்கு மாவுக்கட்டு இருக்கிறது, ஊரே கதவைத் திறந்துவிடும். டிஸ்க்குக்கு அப்படி ஒன்றும் இல்லை. "பார்த்தா கல்லு மாதிரி இருக்கீங்களே" என்பார்கள். பஸ்ஸில் உட்கார இடம் கேட்டால் முறைப்பார்கள். குடிதண்ணீர் கேனைத் தூக்கப் போனால் மனைவி தோளால் என்னை ஒதுக்கிவிட்டுத் தானே தூக்குவாள். "நீங்க தள்ளுங்க. அப்புறம் பத்து நாள் நான்தான் பார்க்கணும்." அவள் சொன்னதிலும் தப்பில்லை. நான் தள்ளி நின்றேன். அந்த வருடம் முழுக்க நான் தள்ளித்தான் நின்றேன், சார்.

எனக்குத் துணையாக இருக்கட்டும் என்றுதான் மச்சினன் பாரைத் தொட்டான். நான் கட்டையோடு குனிவேன், பக்கத்தில் அவன் வெறும் பாரோடு குனிவான். கால் எங்கே, மூச்சு எங்கே, முதுகு எப்படி என்று நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அப்போது சரியாகத்தான் சொல்லிக் கொடுத்தேன். அவன் நாற்பது, அறுபது, எண்பது என்று ஏறினான். நான் துடைப்பக் கட்டை, இரண்டு, ஐந்து, துடைப்பக் கட்டை. அவனுக்குத் தோள் அகன்றது. என் பனியன்கள் எனக்குத் தொளதொளத்தன. மனைவி அவற்றை மடித்து அவனிடம் கொடுத்தாள். "சும்மாதானே கிடக்குது, போட்டுக்கோ."

பத்தாம் மாதம் ஒரு நாள் காலையில் ஐந்து கிலோவோடு குனிந்தவன் நிமிர முடியாமல் கொட்டகைத் தரையில் ஒருக்களித்துப் படுத்துவிட்டேன். வியர்வைக் கன்னத்தில் சிமெண்ட் தூசி ஒட்டியது. அவன் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"அத்தான், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"வலி பாதி மனசுலதான் இருக்காம். ஒரு வீடியோல டாக்டரே சொன்னாரு. நீங்க பயப்படுறீங்க அத்தான். பயத்தை விட்டீங்கன்னா தானா எழுந்துடுவீங்க."

"உனக்கு எப்பவாவது முதுகு வலிச்சிருக்கா?"

"சேச்சே. எனக்குத் தலைவலிகூட வந்ததில்லை" என்று சிரித்தான்.

அன்பாகத்தான் சொன்னான். என்னைத் தூக்கி உட்கார வைத்தான். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று நூற்றிருபது கிலோவை அவசர அவசரமாக ஐந்து முறை தூக்கி இறக்கிவிட்டுக் குளிக்கப் போனான். எனக்குக் கோபம் வரவில்லை. நான் கோபக்காரன் இல்லை, அலுவலகத்தில் யாரை வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளுங்கள். அவனுக்கு ஒரு விஷயம் தெரியவில்லை, தெரிந்தால் நன்றாக இருக்கும். அவ்வளவுதான் தோன்றியது.

இரும்பு எடைக்கல்லின் அடியில் ஒரு சின்னக் குழி இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதில் ஈயம் ஊற்றித்தான் எடையைச் சரிக்கட்டுவார்கள். எங்கள் அலுவலகத்தில் ஈயத்துக்குப் பஞ்சமில்லை. பாரில் மாட்டும் தட்டுகளுக்கும் பின்பக்கம் வட்டமாக ஒரு பள்ளம் உண்டு. இரண்டு பேரும் வேலைக்குப் போயிருந்த ஒரு பகலில், இருபது கிலோத் தட்டு ஒன்றைச் சுவரோரமாக உருட்டி, மண்டியிட்டு மெதுவாகச் சாய்த்துப் படுக்க வைத்தேன். பழைய இரும்புச் சட்டியில் ஈயத்தை உருக்கி அந்தப் பள்ளத்தில் ஊற்றினேன். ஆறியதும் அரத்தால் தேய்த்துக் கறுப்பு பெயிண்ட் அடித்தேன். ஒரு கிலோதான். தட்டின் விளிம்பில் அடையாளத்துக்கு ஒரு நீலப் புள்ளி வைத்தேன். அன்று மாலை எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது. மச்சினன்தான் தைலம் தேய்த்துவிட்டான்.

"இந்தப் புள்ளி எதுக்கு அத்தான்?" என்று மறுநாள் கேட்டான்.

"இடப்பக்கம் மாட்டுற தட்டு அது. மாத்தி மாட்டக்கூடாது."

"ஓ, அதுல அப்படியெல்லாம் இருக்கா?"

நான் சொன்னதில் பொய் கிடையாது. அது இடப்பக்கம் மாட்டுகிற தட்டுதான்.

அதன் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரைக் கிலோ சேர்த்துக்கொண்டே வந்தேன். அவசரப்படவில்லை. அந்தப் பொறுமையை எனக்குப் பிசியோதெரபிஸ்ட் பெண் பழக்கியிருந்தார். முடிவில் இரண்டு தட்டுகளில் இரண்டிரண்டாக நான்கு கிலோ. இடது பக்கம் லேசாக இழுக்கிறது என்று அவன் சொல்லாமல் இல்லை. "நீ வலது கைக்காரன். இடது கை சோம்பேறி, பழகட்டும்" என்றேன். நான் அவனுக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பேன். பாரை மட்டமாக்குவதற்காக ஒவ்வொரு முறையும் அவன் முதுகெலும்பு ஒரு விரற்கடை வளையும். அங்கிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும்.

அடையாளங்கள் எனக்கு மனப்பாடம். நின்றபடி காலுறை போடுகிறவன் ஒரு நாள் கட்டிலில் உட்கார்ந்து போட்டான். பிறகு தும்மல் வரும்போது சுவரைப் பிடித்துக்கொண்டான். பிறகு பின்தொடையைத் தடவிக்கொண்டே நடந்தான். எனக்கு வந்த அதே வரிசையில் அவனுக்கும் வந்தது. ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னான்.

"அத்தான், கால் கட்டைவிரல் மரத்துப்போற மாதிரி இருக்கு. உங்க பிசியோகிட்ட ஒரு தடவை காட்டட்டுமா?"

மனைவியும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அந்த வீட்டில் முதுகைப் பற்றித் தெரிந்தவன் நான் ஒருவன்தானே. அன்றைக்கே நிறுத்தி ஓய்வெடுத்திருந்தால் சில வாரத்தில் சரியாகிப் போயிருக்கும். அது எனக்குத் தெரியும்.

"நரம்பு பழகுது. எல்லாருக்கும் வர்றதுதான். அங்கே போனா உன் கையிலயும் துடைப்பக் கட்டையைக் கொடுத்துடுவாங்க" என்றேன்.

மூன்று பேரும் சிரித்தோம்.

அது நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நூற்று நாற்பது போடச் சொன்னேன். அவன் பாரைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"இன்னைக்கு வேண்டாம் அத்தான். காலையிலேருந்து ஒரு மாதிரி இருக்கு."

"பயமா?" என்று கேட்டேன்.

வேறொன்றும் சொல்லவில்லை. நீங்கள் எத்தனை முறை கேட்டாலும் அவன் வேண்டாம் என்றதற்கு நான் சொன்னது அந்த ஒரு சொல்தான். அவன் போய் பாரைப் பிடித்தான். முதல் முறை தூக்கினான். இரண்டாம் முறையும் தூக்கினான். "இன்னும் ஒண்ணு" என்றேன். முழங்காலைத் தாண்டும்போது அப்படியே நின்றுவிட்டான். இடப்பக்கத் தட்டுகள் முதலில் தரையில் மோதின. அவன் மண்டியிட்டு, பிறகு ஒருக்களித்துச் சாய்ந்தான். முகத்தில் வலியைவிட ஆச்சரியம்தான் அதிகம் இருந்தது.

"அத்தான், என் காலைக் காணோம்" என்றான்.

கால் அங்கேதான் இருந்தது.

அன்றே ஆபரேஷன் செய்தார்கள். நரம்புக் கற்றை முழுவதும் நசுங்கியிருந்ததாம். வலது பாதம் மேலே வராமல் தொங்குகிறது. சிறுநீர் போவது அவன் கட்டுப்பாட்டில் இல்லை. டியூப் போட்டிருக்கிறார்கள். திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்கிறார்கள். இனி லிஃப்ட் குழியில் இறங்க முடியாது என்பதை மட்டும் தெளிவாகச் சொன்னார்கள்.

உங்களுக்கு விஷயம் எப்படி வந்தது என்று நான் ஊகித்துக்கொண்டேன். என் மனைவி பழைய இரும்புக்காரரை வரச் சொல்லிக் கொட்டகையைக் காலி செய்தாள். அவர் விவரமான ஆள். தட்டில் இருந்த எழுத்தை நம்பாமல் ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்திருக்கிறார். இரண்டு தட்டு மட்டும் இருபத்திரண்டு காட்டியிருக்கிறது. "தராசு கோளாறா இருக்கும்" என்றாளாம் இவள். "உங்க வீட்டுக்காரர் முத்திரை வச்ச தராசும்மா" என்றாராம் அவர். அவள் சாவியால் பெயிண்டைச் சுரண்டிப் பார்த்திருக்கிறாள்.

நான் அலுவலகத்திலிருந்து வந்ததும் கேட்டாள்.

"தட்டுக்குப் பின்னாடி என்ன அது?"

"ஈயம்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"எடை பார்க்கிறதுதானே என் வேலை."

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை, அழவும் இல்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள். நேராக இந்த ஸ்டேஷனுக்குத்தான் வந்திருப்பாள்.

பொறாமையா என்று கேட்டீர்கள். அப்படி எழுத வேண்டாம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அவனை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் கட்டில்கள் ஒரே அறையில் இருக்கின்றன. கட்டிலிலிருந்து ஒருக்களித்து எழுவது எப்படி, எந்தப் பக்கம் தலையணை வைத்தால் இரண்டு மணி நேரமாவது தூங்கலாம், எல்லாம் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். இந்த நாட்களில் எனக்கும் முன்னேற்றம் இருக்கிறது. போன வாரம் தெரபி அறையில் எட்டுக் கிலோவைத் தூக்கினேன். முதுகு பிடிக்கவில்லை. அந்தப் பெண்ணே கை தட்டினார்.

வீட்டுக்கு வந்து அவனிடம் சொன்னேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"உங்களுக்கும் இப்படித்தான் இருந்துச்சா அத்தான்? இத்தனை நாளும்? எங்களுக்குத் தெரியாமப் போச்சே" என்று அழுதான்.

பதினைந்து மாதத்தில் எனக்காக ஒருவர் அழுதது அதுதான் முதல் தடவை.

எழுதிக்கொள்ளுங்கள். ஈயத்தை ஊற்றியது நான். இடப்பக்கம் மாட்டச் சொன்னது நான். பிசியோவிடம் காட்டப் போகிறேன் என்றவனைத் தடுத்தது நான். இப்படித்தான் முடியும் என்று தெரிந்தே செய்தேன். கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். இதையெல்லாம் அவனிடம் இப்போது சொல்லிவிடாதீர்கள், தாங்க மாட்டான். அவன் படுகிற பாட்டைப் புரிந்துகொள்ள அந்த வீட்டில் அவனுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?