சூரியகாந்திக்குள் துரத்தியவர்

சுந்தரபாண்டியபுரம் பேருந்தில், விரித்த புத்தகத்துக்குப் பின்னால் இருந்து ஒட்டுக்கேட்டது. முன் சீட்டு விவசாயி பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்:

"என்னைய மாதிரி நடிக்க எனக்கே வரலைன்னுட்டானுவ, தம்பி."

"யாரு அண்ணாச்சி?"

"காமெடிப் படம் எடுக்க வந்தவனுவ. முன்னால ஒரு காதல் படத்துக்காரன் நம்ம சூரியகாந்தி வயலை மிதிச்சு டூயட் ஆடுனாம்லா? கம்பெடுத்து வெரட்டுனேன். அதையும் படத்துல வச்சுட்டான். இப்ப இவனுவ அந்த சீனைக் கிண்டல் பண்ணி எடுக்கானுவ."

"நீங்களே ஓட வேண்டியதுதான?"

"ஓடுனேன். சிரிப்பு வரலையாம். சென்னையிலேருந்து ஒரு நடிகரைக் கூட்டியாந்துட்டானுவ."

"அவரு எப்படி ஓடுதாரு?"

"வேட்டி அவுந்து, வரப்புல விழுந்து ஓடுதாரு. பாத்துட்டு எங்க வீட்டுக்காரி சொல்லுதா, 'அச்சு அசலா ஒங்களேதான்'னு."