காருக்கு ஒரு நன்றிப் பூசை

கல்மண்டபத்தில் ஏறிய ஷேர் ஆட்டோவில் எனக்கு எதிரே இரண்டு பெண்கள். ஒருத்தியின் கையில் மாதா கோயிலில் யாருக்காக, எதற்காகப் பூசை என்று எழுதித் தரும் சீட்டு.

“இன்னாடி, உன் குட்டி டீசல் காருக்கா நன்றிப் பூசை?”

“பின்ன? வாரத்துல மூணு தபா அவர டயாலிசிஸ்க்கு இட்டுனு போச்சு. கண்டெய்னர் லாரிங்க நடுவுல ஊர்ந்துகினு போனாலும் ஒரு நாளுகூட நின்னதில்ல. பத்து லிட்டரு போட்டா வாரம் பூரா ஓடும். இப்ப கிட்னி மாத்தி நல்லா கீறாரு. இன்னிக்கு ஹார்பர் டூட்டிக்கு அவரே ஓட்டினு போனாரு.”

“ஃபாதர் இன்னா சொன்னாரு?”

“சிரிச்சாரு. காரு பேரு வேணாம், ஓட்டுனவங்க பேர எய்தினு வான்னாரு.”

“நீதானடி ஓட்டுன?”

“எம்பேர நானே எப்டி எய்துவேன்?”

மற்றவள் பையிலிருந்து பேனாவை எடுத்தாள்.

“சீட்ட குட்றி இங்க.”