வேண்டுதல் முடியென்று நினைத்தேன்

தணிகை மலையடியில், தறியோசை ஓய்ந்த இம்மாலையில், தலைமை தாங்கும் படிப்பகத் தலைவர் கோதண்டபாணி அவர்களே! முன்வரிசைப் பெரியவர்களே! பள்ளிப்பட்டிலிருந்து பேருந்தேறி வந்த தாய்மார்களே! நெசவாளி வீரபத்திரனின் வணக்கம்.

குரு நானக் பிறந்து ஐந்நூறு ஆண்டு நிறைகிறது. சீக்கிய சமயத்தைப் பற்றிப் பேச நானே இடம் கேட்டேன். ஏன் கேட்டேன்? சொல்கிறேன்.

சீக்கியர் வணங்குவது யாரை? உருவமற்ற ஒருவனை! குருவாகக் கொள்வது யாரை? பத்துக் குருமார்களை, அவர்களுக்குப் பின் கிரந்தம் எனும் திருநூலை! உழை என்கிறது அந்தச் சமயம். பகிர்ந்து உண் என்கிறது. இறைவன் பெயரை மறவாதே என்கிறது. அவர்கள் கோயிலில் அரசனுக்கும் ஆண்டிக்கும் ஒரே பந்தி. என்ன ஐயா, பின்னால்? "சாம்பார் உண்டா"வா? பருப்பும் ரொட்டியும் உண்டு, உட்காருங்கள்.

தீட்சை பெற்றவர்க்கு ஐந்து அடையாளங்கள். கையில் இரும்புக் காப்பு, இடையில் குறுவாள், அரைக்கால் உள்ளாடை, சீப்பு, வெட்டாத முடி. இறைவன் தந்த முடியில் சாகும்வரை கத்தி படக்கூடாது.

ஆடிக் கிருத்திகை வரை இது எனக்குத் தெரியாது. அன்று அடிவாரத்தில் ஒரு நூல் லாரி பழுதாகி நின்றது. ஓட்டுநர் குர்பசன் சிங். மார்புவரை தாடி, தலைப்பாகை நிறைய முடி. நம் ஊர்க்காரன் என்ன நினைப்பான்? முருகனுக்கு நேர்ந்துகொண்டு வந்தவர், பாஷை தெரியாமல் தவிக்கிறார் என்று நினைத்தேன். பக்கத்துக் கடை எல்லம்மாள் வேறு, "பாவம் நைனா, எத்தினி வருசமா வளர்த்துகினு வந்தாரோ, சீக்கிரம் இட்டுகினு போ!" என்றார்.

கையைப் பிடித்து நடந்தேன். மெக்கானிக்கிடம் போகிறோம் என்று அவரும் வந்தார். முடி இறக்கும் கொட்டகையில் தண்ணீர்ச் சொம்பை நீட்டினேன். முகம் கழுவக் குனிந்தார். அந்தத் தலைப்பாகையை, ஐயோ, நானே பின்னாலிருந்து உருவினேன்!

கத்தியைக் கண்டார். இடையில் வாள் இருந்ததே, தொட்டாரா? தொடவில்லை! இரு கைகளாலும் தலையைப் பொத்திக்கொண்டு அழுதார். நாவிதர் கண்ணையன் கத்தியை மடக்கினார். "முப்பது வருசமா மொட்டை போட்டுகினு இருக்கேன். வேண்டிகினவங்க இப்படி நடுங்க மாட்டாங்க. வுட்டுடு!"

தலைப்பாகை சேற்றில் கிடந்தது. அதன்மேல் என் கால் இருந்தது. அவர் குனிந்து எடுத்தார், என்னைப் பார்த்தார், போய்விட்டார். மன்னிப்புக் கேட்க எனக்கு அன்று பாஷை இல்லை. அதன்பிறகுதான் கேட்டும் படித்தும் இவ்வளவு தெரிந்துகொண்டேன்.

இன்று அவர் நூல் இறக்க வந்திருக்கிறார். அதோ, லாரியருகே நிற்கிறார். தலைவர் அவர்களே, எனக்கென்று வாங்கிய பொன்னாடை வேண்டாம். என் தறியில் ஐந்து கெஜம் தலைப்பாகைத் துணி நெய்து வைத்திருக்கிறேன். அதை அவர் கையில் கொடுப்பேன். தலையில் அவரே கட்டிக்கொள்ளட்டும். அந்தத் தலையைத் தொட எனக்கு உரிமையில்லை.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. அவரை மேடைக்கு அழைக்க மாட்டேன். நான் இறங்கிப் போகிறேன். தாய்மார்களே, கொஞ்சம் வழிவிடுங்கள். வணக்கம்.