சவரியம்மாள் அக்காவுக்கு அடித்த மணி

நைலான் கயிறு கையை அறுக்கும் ஐயா. மணிக்குத் தேங்காய் நார்க் கயிறுதான் சரி. குமுளிக்குப் போய் நானே வாங்கி வருவேன். முப்பத்தொரு வருடமாக எங்கள் பங்குக் கோயிலில் நான்தான் கோயில்பிள்ளை. மணி என் பொறுப்பு.

எங்கள் ஊரில் உயிர் பிரிந்ததும் துக்க மணி அடிப்போம். கேட்டவர்கள் திராட்சைத் தோட்டத்தில் நின்றபடியே இறந்தவருக்காகச் செபம் சொல்வார்கள். முகத்தை நேரில் பார்த்துவிட்டுத்தான் கயிற்றைத் தொட வேண்டும்.

போன மாதம் காலைப் பூசை மணியை அரை மணி நேரம் முந்தி அடித்துவிட்டேன். புதுப் பங்குச்சாமிக்கு என் மகன் வயதுதான். பிரசங்கத்திலேயே சொன்னார்: “இன்னொரு தடவை தப்புனா மின்சார மணிதான்.” கோயிலே சிரித்தது. ஞானஸ்நானத்துக்கு நான் தண்ணீர் எடுத்து வைத்த பிள்ளைகளும் சிரித்தார்கள். அன்றிலிருந்து எனக்குச் சோறு கசந்தது. சவரியம்மாள் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. இதையும் என் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

செவ்வாய்க்கிழமை மதியம் அக்காவின் மருமகள் ஜெசிந்தா போன் செய்தாள். “அத்தைக்குப் பேச்சு மூச்சில்ல மாமா. சாமியாரக் கூப்பிட ஓடுறேன்.” அக்கா பத்து நாளாகப் படுக்கையில்தான் இருந்தார். எனக்கோ முழங்கால் வலி. போய்ப் பார்க்காமலே அடித்துவிட்டு, அப்புறம்தான் வீட்டுக்குப் போனேன்.

ஜெசிந்தா இன்னும் திரும்பவில்லை; வீட்டில் அக்கா மட்டும் கண் விழித்துப் படுத்திருந்தார். கையில் செபமாலை.

“யாருக்குப்பா மணி? எந்திரிக்க முடியல, படுத்துக்கிட்டே செபஞ் சொல்றேன்” என்றார்.

தோட்டங்களில் எல்லாரும் இந்நேரம் தலைத்துண்டை அவிழ்த்திருப்பார்கள். இனி அக்கா எழுந்து கஞ்சி குடித்தால் ஊர் எத்தனை வருடம் சிரிக்கும், யோசித்துப் பாருங்கள். அவருக்கு வயது எண்பத்து மூன்று. இன்றில்லாவிட்டால் நாளை. அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. செபம் முடியும்வரை காத்திருந்தேன். பிறகு தலையணையை எடுத்து முகத்தில் அழுத்தினேன். அதிக நேரம் ஆகவில்லை. சாமியார் வந்தபோது அக்காவின் கண்களை மூடி, செபமாலையைக் கையில் சுற்றி வைத்திருந்தேன்.

அடக்கப் பூசையில் பங்குச்சாமி எல்லார் முன்னாலும் சொன்னார்: “நாந்தான் பிந்திட்டேன். நம்ம கோயில்பிள்ளையோட மணி பிந்தல. அன்னைக்கு அவர அப்படிப் பேசுனது என் தப்பு.”

கேட்டதும் எனக்கு அழுகை பொங்கிவிட்டது. அக்காவுக்காக அழுகிறேன் என்று நினைத்து, ஜெசிந்தா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.