ஜன்னல் சீட்டு துணைக்கு

— எழுது. குரல், பூஜ்யம்.

— ஏங்க, அந்தக் கைடு பொண்ணு இன்னும் வாயே தொறக்கலையே. மைக்கைத் தட்டித்தானே பார்க்குறா.

— தட்டுறதுலயே தெரிஞ்சுபோச்சு. இருபத்தாறு வருஷம் இதே கம்பெனி பஸ்ஸுல, இதே இடத்துல, இதே மைக்கைப் பிடிச்சு நின்னவன் சொல்றேன். பூஜ்யம்.

— சரி, எழுதிட்டேன்.

— கிறுக்காம எழுது. ஆபீஸுக்குப் போற தாள்.

— நாள் முழுக்க டைப் அடிச்சுப் பொழைக்கிறவ நான். எனக்கு எழுதத் தெரியாதா?

— நீ அடிக்கிறது வாடகை ஒப்பந்தமும், சான்றிதழைத் தொலைச்சவன் கொடுக்குற மனுவும். இது மதிப்பீட்டுப் படிவம். ரகசியம். நான் ரிட்டயர் ஆன நாலு வருஷத்துல கைடு வேலைக்கு நாலு பேரை மாத்திட்டாங்க. ஒண்ணும் உருப்படல. கடைசில யாருக்குக் கவர் அனுப்பினாங்க?

— உங்களுக்குத்தான்.

— ரெண்டு டிக்கெட்டோட. துணைக்கு ஆள் இருந்தாத்தான் சந்தேகம் வராதுன்னு உன்னையும் சேர்த்து. அந்த அளவுக்கு யோசிச்சிருக்காங்க. சரி, எழுந்திரு, நான் ஜன்னல் பக்கம் வர்றேன்.

— அது முடியாதுங்க. மூணாவது விதியைப் படிங்க. "மதிப்பிடுபவர் நடைபாதை ஓரமாக அமர வேண்டும். ஜன்னல் சீட்டு துணைக்கு."

— எதுக்காம்?

— ஓரமா உட்கார்ந்தாத்தானே அவ நடமாட்டத்தைக் கவனிக்க முடியும்.

— அதுவும் சரிதான். எவனோ விவரமானவன்தான் தயார் பண்ணியிருக்கான்.

— அப்படித்தான் தெரியுது.

— அங்க பாரு, அங்க பாரு. தலை எண்ணுறாளாம். "உங்க பக்கத்து சீட்டுக்காரர் வந்துட்டாரா, ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கோங்க"ன்னு கெஞ்சுறா. நான் சீட்டுத் தலையில ஒரு தட்டு, அடுத்ததுல ஒரு தட்டு, அப்படியே பின்னாடி வரைக்கும் போவேன். தூங்குறவன்கூட எந்திரிச்சுடுவான்.

— தூங்குறவங்களை எதுக்குங்க எழுப்பணும்? மணி அஞ்சுகூட ஆகல.

— எழுது. எண்ணிக்கை, பூஜ்யம்.

*

— என்னங்க, இப்படி வேர்க்குது? முகமெல்லாம் வெளுத்துப்போச்சு.

— ஒண்ணுமில்ல. டிரைவர் ஓட்டுற லட்சணம்.

— அவர் நேராத்தானே ஓட்டுறார். நாலு மணி நேரமா ஒரு குலுக்கல் இல்ல.

— குமட்டுது.

— பஸ்ஸுலயே காலத்தை ஓட்டினவருக்கா?

— கத்தாதே. நான் எப்பவும் ஆளுங்களைப் பார்த்துத்தான் நிப்பேன். ரோட்டுக்கு முதுகு. இப்படி முன்னாடி பார்த்து உட்கார்ந்தா எல்லாம் மூஞ்சி மேல வந்து விழுற மாதிரி இருக்கு.

— இந்தாங்க, எலுமிச்சம்பழம். மோந்துக்கோங்க.

— மறைச்சுக் கொடு. அந்தப் பின் சீட்டுக் கும்பல் பார்க்கப் போகுது. பார்த்தியா அதுங்களை? வண்டி ஏறின நிமிஷத்துல இருந்து அரைச்சுக்கிட்டே இருக்குதுங்க. அந்தத் தொப்பிக்காரன் ஒருத்தன், ஜன்னலுக்கு வெளிய ஒரு எருமை தெரிஞ்சாலும் போட்டோ எடுக்குறான். நாற்பது வருஷம் ஆனாலும் இந்த ஜனங்க மாறாது.

— நானும் இந்த ஜனங்கதானே.

— நீ கேட்டதுக்கு நான் ஒருநாளாவது கூட்டிட்டு வந்தேனா? காரணம் இதுதான். இந்தக் கூட்டத்தோட சேர்ந்து போய் அங்க என்ன பார்க்கப் போற? ஒண்ணுமில்லாத ஊரு. வெயிலு, கொசு, உப்புக் காத்து.

— நாற்பது தடவைக்கு மேல கேட்டிருப்பேன்.

— நாற்பது தடவையும் உன்னைக் காப்பாத்தியிருக்கேன். இரு, அவ மைக்கை எடுக்குறா.

— எல்லாருக்கும் ஒரு விஷயம். இன்னும் ரெண்டு நிமிஷத்துல பாலம் வரும். தீவுக்குப் போற ஒரே வழி இதுதான். ரெண்டு பக்கமும் கடல். பாலம் முடியற வரைக்கும் நான் பேச மாட்டேன். நீங்களே பாருங்க.

— கேட்டியா கூத்தை? பேச மாட்டாளாம். பேசத்தாம்மா உனக்குச் சம்பளம். நான் இந்தப் பாலத்துல பதினாலு நிமிஷம் நிறுத்தாம பேசுவேன். எத்தனை தூண், எத்தனை அடி, எத்தனை மூட்டை சிமெண்டு, கட்டும்போது எத்தனை பேர் செத்தாங்க. எழுது.

— இருங்க.

— என்ன இருங்க?

— கடல்ங்க.

— கடல்தான். வேற என்ன இருக்கும்?

— இப்படிப் பச்சையா இருக்கும்னு நீங்க சொன்னதே இல்லையே.

— நான் எங்க பார்த்தேன்? எனக்கு முன்னாடி நாற்பது மூஞ்சி. அதுங்க வாயைப் பொளந்தா பாலம் வந்துடுச்சுன்னு அர்த்தம். வாயை மூடினா முடிஞ்சுடுச்சுன்னு அர்த்தம்.

— இப்போ பாருங்க. கொஞ்சம் இந்தப் பக்கம் சாய்ஞ்சா நல்லாத் தெரியும். தூணுக்கு ஒரு கூழைக்கடா உட்கார்ந்திருக்கு பாருங்க. யாரோ ஆள் போட்டு உட்கார வச்ச மாதிரி.

— பார்த்தேன், பார்த்தேன். பறவை. எழுது. விளக்கம், பூஜ்யம்.

— எழுதிட்டேன்.

— எழுதின மாதிரியே தெரியலையே. நீ ஜன்னலைத்தானே பார்த்துக்கிட்டு இருக்க.

— பார்க்காமலே எழுத வரும் எனக்கு.

*

— எத்தனை படி இருக்கு இன்னும்?

— பாதிதான் வந்திருக்கோம்.

— கலங்கரை விளக்கத்துல ஏறணும்னு எந்த மடையன் விதி போட்டான்?

— அஞ்சாவது விதி. "எல்லா இடங்களிலும் துணையுடன் இறங்கிப் பார்க்க வேண்டும்."

— அவனை நேர்ல பார்த்தா நாலு கேள்வி கேட்கணும்.

— கேளுங்க, கேளுங்க. கையைக் கொடுங்க. நீங்க இதுல எத்தனை தடவை ஏறியிருப்பீங்க?

— நானா? ஆளுங்களை மேல அனுப்பிட்டு பஸ் நிழல்ல ஒரு தூக்கம் போடுவேன்.

— அப்போ "உச்சியில நின்னா நாலு திசையும் கடல் தெரியும்"னு வீட்ல வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் சொல்லுவீங்களே?

— தீவுன்னா நாலு பக்கமும் கடல்தானே தெரியும். இதுக்கு ஏறி வேற பார்க்கணுமா?

— வந்தாச்சு. பாருங்க.

— ம்.

— வீட்டுக்கு வீடு ஒரு கலர் அடிச்சிருக்காங்க. மஞ்சள், ரோஸ், இளநீலம். ஒவ்வொரு வாசல்லயும் பூ. நம்ம ஊர்ல இந்த மாசம் ஸ்வெட்டர் போட்டுக்கிட்டுத் திரியறோம், இங்க பூத்துக் கொட்டுது. அதோ, அந்த வெள்ளைப் படகுத் துறைல ஒரு பெஞ்சு இருக்கு பாருங்க. ஒரு அரை மணி அங்க உட்காரணும் எனக்கு. வேற ஒண்ணும் வேண்டாம்.

— ஊரு சின்னதா இருக்கு.

— அழகா இருக்குன்னு சொன்னா வாய் சுளுக்கிக்குமா?

— நீ போய் உட்காரு. நான் கீழ கடைத்தெருவுல அந்தக் கைடு பொண்ணு யாரையாவது ஏமாத்துறாளான்னு பார்த்துட்டு வர்றேன்.

*

— சார், இங்க இருக்கீங்களா? நல்லவேளை. தெருத் தெருவா தேடிட்டு வர்றேன்.

— என்னம்மா விஷயம்?

— பஸ் இருபது நிமிஷமா நிக்குது சார். எல்லாரும் ஏறிட்டாங்க. அம்மாவும் பெஞ்சுல இருந்து எழுந்து வந்து ஏறிட்டாங்க. நீங்க மட்டும்தான் பாக்கி.

— விசில் அடிக்கலையே.

— விசிலா சார்?

— விசில் அடிக்காம பஸ் எப்படிக் கிளம்பும்?

— ரெண்டரை மணின்னு சொல்லியிருந்தேன் சார். எல்லார் கையிலயும் நேரம் எழுதின சீட்டுகூடக் கொடுத்தேனே.

— என் காலத்துல நான்தான் விசில் அடிப்பேன். நான் அடிச்சாத்தான் வண்டி நகரும். கையில கடிகாரம் கட்டுற பழக்கமே எனக்கு இல்ல.

— பரவாயில்ல சார், யாருக்கும் மறந்துபோறதுதான். வெயில் கொளுத்துது. இந்தக் குடையைப் பிடிச்சுக்கோங்க. மெதுவாவே போகலாம்.

— நான் யாருன்னு தெரியுமா உனக்கு?

— சீட்டு நம்பர் பதினொண்ணு சார்.

— பதினொண்ணா? இந்த வண்டியை இருபத்தாறு வருஷம் நடத்தின கைடும்மா நான். உன்னை மதிப்பிடச் சொல்லி கம்பெனி என்னை ரகசியமா அனுப்பியிருக்கு. படிவம் பஸ்ஸுல இருக்கு. சாயங்காலம் ஆபீஸ்ல கொடுக்கப் போறேன். நீ வேலையில இருக்கியா இல்லையாங்கறது என் கையெழுத்துல இருக்கு.

— சார், எனக்கு இன்னும் வேலை நிரந்தரம் ஆகல சார்.

— தெரியும்.

— இந்த மாசக் கடைசிலதான் சொல்றோம்னு சொல்லியிருக்காங்க. வீட்ல நான் ஒருத்திதான் சார் சம்பாதிக்கிறேன்.

— அதெல்லாம் படிவத்துல கேட்கல. குடையை நீயே வச்சுக்கோ.

*

— அந்தப் பொண்ணுகிட்ட என்ன சொன்னீங்க?

— என்னத்தைச் சொன்னேன்? எழுது. நேரம் தவறாமை, பூஜ்யம். ஒரு பயணிக்காக வண்டியை இருபது நிமிஷம் நிறுத்தி வச்சிருக்கா.

— அந்தப் பயணி நீங்கதானே?

— நானா இருந்தா என்ன? சட்டம் சட்டம்தான். அவ இடத்துல நான் இருந்திருந்தா விட்டுட்டுப் போயிருப்பேன்.

— உங்களை விட்டுட்டா?

— குதர்க்கம் பேசாதே. எழுது.

— அவ கண்ணெல்லாம் செவந்திருக்கு. எதையோ சொல்லிட்டு வந்திருக்கீங்க.

— யாரு என்னன்னு சொன்னேன். தெரிஞ்சுக்கட்டும். காலையில இருந்து சீட்டு நம்பர் பதினொண்ணாம் நான். பயம் வேணும் ஜனங்களுக்கு.

— ரகசியம்னுதானே போட்டிருந்துச்சு? ரெண்டாவது விதி.

— விதியெல்லாம் புதுசா வர்றவனுக்கு. எனக்கில்ல.

— வணக்கம், இப்போ பாலம் வருது. இந்தப் பாலத்துக்கு மொத்தம் ஐந்நூத்தி நாற்பத்தாறு தூண். ஒவ்வொரு தூணும், அது வந்து, ஒவ்வொரு தூணும் அம்பது அடி ஆழம். இதைக் கட்டும்போது, இருங்க, எழுதி வச்சிருக்கேன், இதைக் கட்டும்போது பயன்படுத்தின சிமெண்டு...

— பார்த்தியா? இப்பத்தான் வழிக்கு வர்றா. ஒரு வார்த்தை சொன்னதுக்கே எப்படிப் பேசுறா பாரு.

— குரல் நடுங்குதுங்க அவளுக்கு.

— நடுங்கட்டும். நானும் முதல்ல நடுங்கினவன்தான்.

— வெயில் சாய ஆரம்பிச்சுடுச்சு. தண்ணியெல்லாம் வெள்ளி மாதிரி மின்னுது. இதைப் பார்க்க முடியாம சிமெண்டு மூட்டையை எண்ணிக்கிட்டு வர்றா பாவம். யாருமே ஜன்னலைப் பார்க்கல. அந்தத் தொப்பிக்காரர்கூடப் படம் எடுக்கறதை விட்டுட்டு அவளைப் பார்த்துக்கிட்டு இருக்கார். இன்னொரு தடவை இந்தப் பாலத்தைப் பார்ப்பேனோ இல்லையோ, இந்த ஒரு தடவையையும் கெடுத்துட்டீங்க.

— என்னத்தைக் கெடுத்தேன்? ஒரு பாலத்துக்கு இவ்வளவு அழுகையா?

— அழல. வயிறு எரியுது.

— எலுமிச்சம்பழத்தை நீ மோந்துக்கோ.

*

— வண்டி நின்னாச்சு. தாளைக் கொடு. மேனேஜர் ரூம்ல இன்னும் விளக்கு எரியுது. நானே நேர்ல கொடுத்துட்டு வர்றேன்.

— படிச்சுப் பார்த்துட்டுக் கொடுங்க.

— கண்ணாடி எங்க? ம். குரல் பூஜ்யம். எண்ணிக்கை பூஜ்யம். விளக்கம் பூஜ்யம். நேரம் பூஜ்யம். எல்லாம் நான் சொன்ன மாதிரியே இருக்கே.

— வேற எப்படி இருக்கும்?

— நீ மாத்தி எழுதியிருப்பியோன்னு நினைச்சேன். உனக்குத்தான் இரக்கம் பொத்துக்கிட்டு வருமே.

— மாத்த வேண்டிய அவசியம் இல்லைங்க.

— சார், அம்மா, பார்த்து இறங்குங்க, கடைசிப் படி உயரம். சார், நான் உங்ககிட்ட ஒண்ணு கேட்கலாமா? நான் எதுல தப்பு பண்ணேன்னு சொன்னீங்கன்னா திருத்திக்கறேன். விசில்கூட வாங்கிக்கறேன். ஆபீஸ்ல மட்டும் இப்போ கொடுக்காதீங்க சார்.

— அதெல்லாம் தாளே பேசும். வழி விடு.

— கொஞ்சம் நில்லுங்க. அந்தத் தாளை இப்படிக் கொடுங்க. இந்தாம்மா, இதை நீயே வச்சுக்கோ. கிழிச்சுப் போடு, இல்ல, பின்பக்கம் காலியா இருக்கு, ஏதாவது எழுதிக்கோ.

— ஏய், பைத்தியமா உனக்கு? அது ஆபீஸ் தாள்.

— ஆபீஸுக்கு இப்படி ஒரு தாள் இருக்கறதே தெரியாது. அதோ அந்த ஜன்னல்லதான் போன மாசம் ரெண்டு டிக்கெட் எடுத்தேன். எங்க வீட்டுக்காரர் இங்கதான் கைடா இருந்தார்னு உங்க பேரைச் சொன்னேன். யாருன்னு கேட்டாங்க.

— என்ன உளர்ற? கவர் வந்துச்சே. முத்திரை எல்லாம் குத்தி, அச்சடிச்ச விதியோட.

— கண்ணு, நீ அழாதே. நீ பேசாம இருந்த அந்தப் பதினாலு நிமிஷத்தை நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன். ஏங்க, இன்னும் புரியலையா? வாடகை ஒப்பந்தமும் மனுவும் அடிக்கிற அதே மெஷின்லதான் அதையும் அடிச்சேன். நாற்பது தடவை சும்மாக் கூப்பிட்டேன், வரலை. மட்டம் தட்டுறதுக்கு ஒரு ஆள் இருக்குன்னு எழுதிக் கொடுத்தேன், காலையில நாலு மணிக்கே செருப்பை மாட்டிக்கிட்டு வாசல்ல நின்னீங்க.