எழுந்து நில்லுங்கள்

நீண்ட நேரம் உட்கார்ந்தபடியே இருப்பது உடம்புக்குக் கூடாது. இதை வகுப்பில் எத்தனையோ வருடமாகச் சொல்லி வருகிறேன், கேட்பவர் குறைவு. அதனால்தான் அந்த ஆய்வைத் தொடங்கினேன், ஐயா. நாற்பது மாணவர்கள், எட்டு வாரம். ஒவ்வொருவர் தொடையிலும் ஒரு சிறு கருவி. இருக்கிறார்களா, நிற்கிறார்களா என்று என் திரையில் ஒரு கோடு காட்டும். அரை மணிக்கொருதடவை கைபேசிக்குச் செய்தி போகும்: "எழுந்து நில்லுங்கள்."

மூன்றாம் கிழமைக்குள் பெரும்பாலானோர் செய்தியைப் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். ஜெசிதா விடவில்லை. குருநகர்ப் பிள்ளை, முதலாம் வருடம். செய்தி போன ஒரு நிமிடத்துக்குள் அவளுடைய கோடு எழும்பும். பார்க்க மனதுக்கு நிறைவாக இருக்கும்.

ஐந்தாம் கிழமை என் அறைக்கு வந்தாள். உதடு வெளிறியிருந்தது. கையில் ஒரு கடிதம்.

"சேர், எனக்குச் சின்னனிலையிருந்து இதய வால்விலை பிரச்சினை. கிளினிக்கிலை ஓய்வாய் இருக்கச் சொல்லிப்போட்டினம். என்னை விடுங்கோ."

"இன்னும் மூண்டு கிழமைதானே பிள்ளை. உம்முடைய பாடத்துக்குப் புள்ளி போடுறதும் நான்தான்."

கடிதத்தை என் மேசையில் வைத்தாள். "ஓம் சேர்."

நான் வற்புறுத்தவில்லை. அவள்தான் ஓம் என்றாள். கடிதத்தை மேசை லாச்சிக்குள் வைத்தேன்.

ஒரு மனிதர் எவ்வளவு தூரம் சொல்வழி கேட்பார் என்பதை யாரும் சரியாக அளந்ததில்லை. அவளுக்கு மட்டும் பத்து நிமிடத்துக்கு ஒன்று அனுப்பினேன். பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒன்று. அவளுடைய சிநேகிதி ஆரபி வந்து, "சேர், பஸ்ஸிலை சீற் கிடைச்சாலும் உவள் இருக்கிறாளில்லை. கால் ரெண்டும் வீங்கிப்போச்சு" என்றாள். கவனிக்கிறேன் என்றேன். அன்று பின்னேரம் ஜெசிதாவுக்கு வேறொரு செய்தி போட்டேன்: "பார்த்துக்கொண்டிருக்கிறேன்."

வியாழக்கிழமை பத்து மணிக்கு அவள் ஆளில்லாத விரிவுரை மண்டபத்தில் தனியே இருந்து படித்தாள்; படியேறும்போது கண்டிருந்தேன். செய்தி அனுப்பினேன். கோடு எழுந்தது. உடனே விழுந்தது. மறுபடி அனுப்பினேன். மொத்தம் ஏழு செய்தி.

கருவி பழுதென்று நினைத்ததாக உங்களிடம் முதல் வாக்குமூலத்தில் சொன்னேன். அது பொய். விழுந்துவிட்டாள் என்று இரண்டாவது செய்தியிலேயே தெரியும். மண்டபம் என் அறைக்கு நேர் கீழே. நான் இறங்கிப் போகவில்லை, ஒருவரையும் கூப்பிடவும் இல்லை. எழும்புகிறாளா என்று நாற்பது நிமிடம் பார்த்தேன். அவள் பிறகு எழும்பவேயில்லை.

ஒன்றை மட்டும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. அந்த நாற்பது பேரில் நான் உண்மையாக அக்கறை வைத்திருந்தது அவளில்தான்.